எழுபத்திமூணு

பன்னெண்டு மணி பஸ்ஸுலதான் வருவேன்னு சொன்ன மனுசன் பதினொண்ணு அடிக்க அஞ்சு நிமிசம் இருக்கும்போதே வாசல்ல வந்து நின்னா நான் என்னத்தச் செய்யிறது. கிளமென்ட். அவனேதான். பதிவு மேஜையில குனிஞ்சு பேர் எழுதுறான். சோத்துக் கையத் தொங்கவிட்டுக்கிட்டு இடது கையால எழுதுறான். தலை பூரா வெளுத்துப் போச்சு, முதுகு வளைஞ்சிருச்சு, ஆனா அந்தப் புருவத்துல ஒரு எடத்துல முடி மொளைக்காம வழி விட்டிருக்கே, அது நான் போட்ட வழி. முப்பத்தஞ்சு வருசத்துக்கு முன்னாடி போட்டது, இன்னும் அழியல. எந்திரிடா தவசிலிங்கம். எந்திரிச்சு சமையக்கட்டு வழியா வெளிய போயிரு, ஆட்டோ புடி, திருச்சி ஜங்சன் போ, ஏதாவது ஒரு ரயில்ல ஏறிக்க. கால் எந்திரிக்க மாட்டேங்குது. எத்தன பேர நாக்காலியில கட்டி வச்சிருப்பேன், எந்திரிக்க முடியாதுன்னா எப்படி இருக்கும்னு எனக்கு இத்தன நாளாத் தெரியாது. இந்த மைக்குக்காரன் வேற, மண்டபம் அதிர அதிர, ரேடியோ நண்பர்களே, ரேடியோ நண்பர்களேன்னு கத்திக்கிட்டே இருக்கான், அந்த மைக்கப் புடுங்கி அவன் வாய்க்குள்ளயே திணிச்சா என்ன. அவன் பல்லு மேல மைக்கு படுற சத்தம் ஸ்பீக்கர்ல எப்படிக் கேக்கும்னு எனக்குத் தெரியும். சும்மா நெனச்சுப் பாக்கிறேன். இப்பல்லாம் நெனச்சுப் பாக்கிறதோட சரி. ரிட்டயர் ஆயி பதினோரு வருசமாச்சு, ஒரு ஈயக் கூட அடிச்சதில்ல. கை மட்டும் அப்பப்ப மேஜைக்கு அடியில மடங்கி மடங்கி விரியும்.

வருசத்துக்கு ஒரு தடவ எங்கயாச்சும் ஒரு ஊர்ல ஹாம் ரேடியோக்காரங்க இப்படிக் கூடுவாங்க. வீட்டு மொட்டமாடியில கம்பி கட்டி ஊரு ஒலகத்தோட பேசுற கிறுக்கங்க, பழைய ரேடியோ, வால்வு, ஒயரு எல்லாம் பரப்பி வச்சுக்கிட்டு. ரேடியோவுல ரெண்டு பேர் பேசிட்டா, பேசுனது நெசந்தான்னு ஒருத்தருக்கொருத்தர் தபால்ல ஒரு அட்டை அனுப்பணும். அது சட்டமில்ல, மரியாதை. அட்டையோட ஒரு பக்கம் படம், இன்னொரு பக்கம் எழுத்து: என்னிக்கு, எத்தன மணிக்கு, நீ பேசுனது எனக்கு எவ்வளவு தெளிவாக் கேட்டுச்சு. மணிய நம்ம மணியில எழுதக் கூடாது, ஒலகத்துக்கே பொதுவா கிரீன்விச் மணியில எழுதணும், நம்ம மணியில இருந்து அஞ்சரை மணி நேரத்தக் கழிச்சிரணும். தெளிவுக்கு ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் மார்க்கு. கொரகொரன்னு ஒரு எழவும் புரியாட்டியும் மரியாதைக்கு எல்லாரும் அஞ்சுதான் போடுவாங்க. நான் போட மாட்டேன். மூணு கேட்டா மூணுதான் போடுவேன். அடியில கடைசியா எழுபத்திமூணுன்னு எழுதிக் கையெழுத்துப் போடணும். இந்த மாதிரிப் பழைய அட்டைகளச் சேக்கிறதுல தென்னாட்டுலயே நான்தான் பெரிய கை. பழைய பேப்பர்க் கடை, செத்துப்போனவங்க வீட்டுப் பரண், ஒண்ணு விடாம அலசியிருக்கேன். ஆயிரத்தி எரநூறு இருக்கு. அதுல ஆயிரத்தி நூத்தி எம்பத்தாற எவன் வேணும்னாலும் சேத்திரலாம். மிச்சம் பதினாலு இருக்கே, அது எவன்கிட்டயும் கெடையாது. தென்துருவத்துப் பனிக்கு நடுவுல இருந்து வந்த ஒண்ணு. ஆளே இல்லாத தீவுல மூணு நாள் கூடாரம் போட்டுப் பேசுனவங்க அனுப்புன ஒண்ணு. நடுக்கடல்ல கப்பல்ல இருந்து வந்த ஒண்ணு, ஓரத்துல உப்புக்கறையோட. அத வச்சிருக்கிற ரெண்டாவது ஆல்பத்தக் கொண்டாராதடான்னு எனக்கு நானே நூறு தடவ சொன்னேன். கொண்டாந்தேன். எந்த ஆல்பத்துக்குப் பரிசுன்னு பாக்க வர்றவங்க பத்து மணிக்கு வருவாங்க, காட்டிட்டு, பதினொன்றரைக்குள்ள மூட்டையக் கட்டிட்டு, பன்னெண்டு மணிக்குத் தூணுக்குப் பின்னாடி நின்னு அவன ஒரு தடவ கண்ணால பாத்துட்டுக் கெளம்பிரலாம்னு கணக்கு. போட்ட கணக்கெல்லாம் தப்பாப் போச்சு. அந்தப் பதினாலும் அவனோடது.

ரெண்டாவது மேஜைகிட்ட வந்துட்டான். வால்வு விக்கிறவன்கிட்ட என்னமோ கேட்டுச் சிரிக்கிறான். சிரிக்கிறான்! எப்படிய்யா சிரிக்க முடியுது. நான் போலீஸுல இருந்தேன், அந்த வருசம் கடலோரத்துல கூரை மேல எவன் கம்பி கட்டியிருந்தாலும் தூக்கிட்டு வான்னு உத்தரவு. அக்கரைக்கு, இலங்கைக்குச் சேதி சொல்றான்னு சந்தேகம். இவன் காலேஜுல லேப்ல வேல பாத்துக்கிட்டு, ஆத்தாளும் மகனுமா ரெண்டு அறை வீட்டுல இருந்தான். கதவ ஒதைச்சுத்தான் தொறந்தோம், தொறந்துதான் கெடந்துச்சு, ஆனாலும் ஒதைச்சேன். மூணு சாக்கு அட்டை. ஒலகத்துல இருக்கிற அத்தன நாட்டுல இருந்தும். எங்க பெரிய அதிகாரி போன்ல கத்துறாரு, ராத்திரிக்குள்ள எனக்கு ஆள் பேர் வேணும்யான்னு. அட்டையப் பூரா திருப்பித் திருப்பிப் பாத்தா எல்லாத்துலயும் அடியில எழுபத்திமூணு. ரஷ்யாக்காரன் எழுபத்திமூணு போட்டிருக்கான், ஜப்பான்காரன் எழுபத்திமூணு போட்டிருக்கான், அர்ஜென்டினாக்காரனும் எழுபத்திமூணு. மாட்டுனானா இல்லையான்னு தொடையத் தட்டுனேன் நான். கடற்கரைப் பக்கம் ஒரு பழைய பங்களா எங்க கைவசம் இருந்துச்சு. வீட்டுலயே, அவன் திரும்பிப் பாக்கிறதுக்குள்ள, என் தோள்ல கெடந்த துண்டாலதான் அவன் கண்ணக் கட்டியிருந்தேன். வாட்சக் கழட்டி மேஜை மேல வச்சேன். சர்க்கார் இரும்பு மேஜை, டிராயர் கொஞ்சம் துருப்பிடிச்சது, இழுத்தா கிறீச்சுனு கத்தும். கைய வைடான்னேன். வச்சான். நான் சொன்ன எடத்துல, சொன்ன மாதிரி வச்சான், என்ன ஏதுன்னு தெரியாம. எழுபத்திமூணுன்னா என்னடா, எத்தன பேரு, எந்த எடம்? அன்பான வணக்கம்னு அர்த்தம் சார். அன்பான வணக்கமா? ஆமா சார், எல்லாரும் முடிக்கும்போது அதத்தான் சார் போடுவாங்க. டிராயரச் சாத்துனேன். திரும்பக் கேட்டேன். அன்பான வணக்கம் சார். சாத்துனேன். மேஜை மேல வாட்சு ஒவ்வொரு தடவையும் துள்ளித் துள்ளி விழுந்துச்சு. நாலாவது தடவையும் அதையேதான் சொன்னான், சொல்லு பாதியும் அலறல் பாதியுமா. எலும்பு ஒடையிற சத்தம் பெருசாக் கேக்காது, ஈரமா ஒரு சத்தம், முருங்கக்காய முறிச்ச மாதிரி, ஆனா கைப்பிடி வழியா நம்ம உள்ளங்கைக்கு வந்து சேரும். இப்பவும் வருது. உண்மையச் சொன்னான். அவன் செஞ்ச தப்பு அவ்வளவுதான்.

கேஸு நிக்கல. எப்படி நிக்கும், ஒண்ணும் இல்லையே. ஒன்றரை வருசம் உள்ள கெடந்துட்டு வெளிய வந்தான். அதுக்குள்ள ஆத்தா செத்துப் போச்சு. சாக்க மூணையும் பங்களாவுக்குப் பின்னாடி நான்தான் டீசல் ஊத்திக் கொளுத்துனேன், கடல்காத்துல பத்திக்கிட்டு எரிஞ்சுச்சு, பாதி எரிஞ்ச ராணியும் பாதி எரிஞ்ச கங்காருவும் பறந்து பறந்து வந்து என் பூட்ஸ் மேல விழுந்துச்சு, மிதிச்சு மிதிச்சு அணைச்சேன். பதினாலு மட்டும் ஃபைல்ல இருந்துச்சு, இடது மூலையில ஓட்டை போட்டு டேக் கயிறுல கோத்தது. அத ஏன் எடுத்துக்கிட்டேன்? படம் நல்லாருந்துச்சு. அவ்வளவுதான். இல்ல. அது மட்டும் இல்ல. ஏன்னு எத்தன தடவ கேட்டாலும் வேற வேற பதில்தான் வருது, அந்த டிராயருக்குள்ள என் கைய வச்சுக் கேட்டாத்தான் சரியான பதில் வருமோ என்னமோ. வீட்டுக்கு வந்து துண்ட பவளத்துக்கிட்டப் போட்டேன். என் பொண்டாட்டி அத நனைச்சு ஒரு பாட்டம் அழுக்கு எடுத்துட்டு, ஏங்க, இது கண்ணீரா ரத்தமான்னு கேட்டா. வாய மூடுடின்னு கைய ஓங்குனேன். அவ அப்பறம் கேக்கவே இல்ல.

இங்கிட்டு வர்றான். மூணாவது மேஜை. வாயத் தொறக்காத தவசி, வாயத் தொறக்காத வரைக்கும் ஒண்ணுமில்ல. அவன் என் மூஞ்சியப் பாத்ததே கெடையாது, கண்ணத்தான் கட்டியிருந்தோமே. அவனுக்குத் தெரிஞ்சதெல்லாம் என் கொரல் ஒண்ணுதான். அதுக்குத்தான் இந்த ஏற்பாடு, கழுத்துல மப்ளர், மேஜை மேல ஒரு சீட்டு: தொண்டை கட்டிக்கொண்டது, பேச இயலவில்லை, மன்னிக்கவும். அதுக்குத்தான் பதினோரு வருசமா நான் அவன்கூட மைக்குல பேசுனதே இல்ல. மோர்ஸ்தான். குட்டியும் நீட்டுமா கட்டுக்கட்டுன்னு விரலாலத் தட்டுறது. ரிட்டயர் ஆன வருசம் பரீட்சை எழுதி லைசன்ஸ் வாங்குனேன். அம்பத்தெட்டு வயசுல எதுக்குய்யா இந்தப் படிப்புன்னு எல்லாரும் சிரிச்சாங்க. அட்டை சேக்கிறவனுக்கு ரேடியோ தெரியாட்டி எப்படின்னு சொன்னேன். பொய். ஒரு ஞாயித்துக்கெழம காலையில ஆறு மணிக்கு ரேடியோவத் திருப்புனா, யாராச்சும் இருக்கீங்களா, யாராச்சும் இருக்கீங்களான்னு ஒரு கை தட்டிக்கிட்டு இருக்கு. அந்தக் கை நொண்டுது. குட்டித் தட்டு சரியா விழுது, நீட்டுத் தட்டு கொஞ்சம் கூடுதலா இழுத்து விடுது, விரல் மடங்காம மணிக்கட்டாலத் தட்டுற கை. ஒவ்வொரு ரேடியோக்காரனுக்கும் சர்க்கார் குடுக்கிற அடையாள எழுத்து இருக்கே, அவனோட அந்த எழுத்து வர்றதுக்கு முந்தியே தெரிஞ்சு போச்சு. அந்தப் பதினாலு அட்டையிலயும் அந்த எழுத்துக்குத்தான் எழுதியிருக்கும். ரேடியோவ நிறுத்தியிருக்கலாம். சுத்தியல எடுத்து ஒடைச்சிருக்கலாம். பதில் தட்டுனேன். இருக்கேன்.

இருக்கேன்னு தட்டுனது தப்பாப் போச்சு. அடுத்த ஞாயிறும் கூப்புட்டான். அதுக்கடுத்த ஞாயிறும். பேரு கேட்டான், தவசின்னேன். ஊரு கேட்டான், மதுரைன்னேன். மழை பெய்யுதான்னு கேட்டான். எனக்கு பைபாஸ் ஆப்பரேசன் நடந்தப்ப மூணு வாரம் நான் இல்ல, நாலாவது வாரம் வந்து தட்டுனா, கடவுளுக்கு ஸ்தோத்திரம், தவசி இருக்கீங்களா, மூணு வாரமா சரியாச் சாப்பிடலன்னு தட்டுறான், அந்த நொண்டிக் கையால, எழுத்து எழுத்தா, அத்தனையும் தட்டுறதுக்கு எம்புட்டு நேரம் ஆகும், எம்புட்டு வலிக்கும். பெத்த மகன் அமெரிக்காவுல இருந்து வாட்சப்புல ஒரு கட்டைவிரல் அனுப்புனான், அவ்வளவுதான். நான் ரேடியோவுக்கு முன்னாடி ஒக்காந்து ஏங்கி ஏங்கி அழுதேன். பவளம் காப்பி டம்ளரோட வந்தவ அப்படியே நின்னா. இது அந்த ஆளுதானேன்னா. அவ எப்படிக் கண்டுபுடிச்சான்னு தெரியல. அவருக்குத் தெரியுமான்னு கேட்டா. அன்னையில இருந்து ஞாயித்துக்கெழம காலையில மட்டும் அவ எனக்குக் காப்பி தர்றதில்ல, நானே போட்டுக்குவேன். ஒவ்வொரு வாரமும் கடைசியில அந்தக் கை தட்டும்: எழுபத்திமூணு. நானும் தட்டுவேன்: எழுபத்திமூணு. ஒவ்வொரு தடவையும் எனக்கு டிராயர் கிறீச்சுனு கத்தும். பதினோரு வருசம், எத்தன ஞாயிறு, ஒண்ணு தப்பாம கத்தியிருக்கு. அப்படியும் விட முடியல. என்ன எழவோ, எனக்கு அவன் வேணும். அவர் வேணும். வெக்கத்த விட்டுச் சொல்றேன், இந்தப் பூமியில நான் இருக்கேனா செத்தேனான்னு கேக்கிற ஒரே சீவன் அவர்தான். அது போயிருச்சுன்னா நான் எங்க போவேன்.

நாலாவது மேஜை. அஞ்சாவது நான். போன ஞாயிறு, திருச்சிக்கு வர்றேன், உங்க அட்டையெல்லாம் கொண்டாங்க, ஒரு தடவ கட்டிப் புடிச்சுக்கணும்னு தட்டுனார், நானும் வழக்கம்போலச் சரின்னு தட்டித் தொலைச்சேன். விரலு பாட்டுக்குத் தட்டிருச்சு. இப்ப வேகமா ரெண்டாவது ஆல்பத்தப் பைக்குள்ள வச்சிரு. வச்சிரு. அய்யோ, அதுக்குள்ள இந்தத் தடியன் யாரு, மெதுவடையும் கையுமா வந்து நிக்கிறான், ஆல்பத்தத் தன் பக்கம் இழுக்கிறான், ஆகா அண்டார்டிகாவாங்கிறான். விடுய்யா, எடுத்து வைக்கணும்யான்னு வாய் வரைக்கும் வருது, பேசக் கூடாது, சீட்டத் தட்டிக் காட்டுறேன், தொண்டை கட்டிருச்சுய்யா. அவன் சிரிச்சுக்கிட்டே தலையாட்டுறான். எண்ணெய் சொட்டுது. வடை எண்ணெய் அவன் மணிக்கட்டு வழியா இறங்கி ஆல்பத்து ஓரத்துல ஒரு சொட்டு விழுந்துச்சு. பொறு தவசி. பல்லக் கடிச்சுக்க. அவன் கழுத்து சிவப்பா இருக்கு, ஒரு கையால புடிச்சிரலாம், மூஞ்சிய மேஜை மேல வச்சு ஒரே அழுத்து, மூக்கு மொதல்ல போகும், அப்பறம் பல்லு. பொறு. கிளமென்ட் பக்கத்து மேஜையில முதுகக் காட்டிக்கிட்டு நிக்கிறார், நாலடி தூரம், அவர் சட்டைக் காலர் நஞ்சு போயிருக்கிறது கூடத் தெரியுது. இந்தத் தடியன் பின்பக்கம் பாக்கணும்கிறான். அட்டை சேக்கிறவன் எவனா இருந்தாலும் பின்பக்கம் பாப்பான், அங்கதான் எழுத்து இருக்கு, எனக்குத் தெரியாதா, அந்த ஓட்டை தெரியக் கூடாதுன்னுதானே நாலு மூலையிலயும் பேப்பர் முக்கு ஒட்டிச் சொருகி வச்சிருக்கேன். எண்ணெய் விரல தென்துருவத்து மேல வச்சான். பனி மேல, வெள்ளை வெளேர்னு இருந்த பனி மேல. நகத்த மூலைக்கு உள்ள விட்டு நெம்புறான்.

"கைய எடுடா!"

மண்டபம் கப்புனு அடங்கிருச்சு. மைக்குக்காரன் கூட நிறுத்திட்டான். தடியன் வடையக் கீழ போட்டுட்டுப் பின்னாடி போனான், சாரி சார், சாரி சார்னு. நான் அவனப் பாக்கல. நாலடி தூரத்துல அந்த முதுகு. வளைஞ்சிருந்த முதுகு நிமிந்துருச்சு. திரும்பல. தொங்கிக்கிட்டு இருந்த வலது கை மட்டும் மெதுவா மேல வந்து, நெஞ்சோட ஒட்டிக்கிச்சு. எதையோ காப்பாத்துற மாதிரி இடது கையால அத மூடிக்கிட்டார். அப்பத்தான் நான் பாத்தேன், அவர் வேட்டி முட்டிக்கிட்ட நடுங்குது. முப்பத்தஞ்சு வருசம் கழிச்சு, எழுபது பேரு நடுவுல, பட்டப்பகல்ல, என் கொரலுக்கு அந்த மனுசன் நடுங்குறார். நான் நெனச்ச அத்தனையிலயும் இது இல்ல. அடிப்பார்னு நெனச்சேன், எல்லாரையும் கூப்புட்டுக் காட்டுவார்னு நெனச்சேன், காறித் துப்புவார்னு கூட நெனச்சு மூஞ்சியத் தயாரா வச்சிருந்தேன்.

திரும்புனார். என்னப் பாக்கல, என் சட்டையில குத்தியிருந்த அடையாள எழுத்தப் பாத்தார். நாக்காலிய இழுத்துப் போட்டு எதிர்ல ஒக்காந்தார். தொண்டை கட்டிக்கொண்டதுங்கிற சீட்ட எடுத்துப் படிச்சார், மடிச்சு வச்சார்.

"தவசியா?"

தலையாட்டுனேன்.

ஆல்பத்தத் தன் பக்கம் திருப்பிக்கிட்டார். தென்துருவத்த மூலையில இருந்து உருவி எடுத்தார். இடது கையாலதான். இடது மூலையில இருந்த ஓட்டையில விரல் நுனிய வச்சுப் பாத்தார். ரேடியோக்காரன் எவனும் அட்டையில ஓட்டை போட மாட்டான். பின்பக்கம் திருப்பி, தன் அடையாள எழுத்த மறைச்சு நான் ஒட்டியிருந்த துண்டுப் பேப்பர நகத்தால சொரண்டுனார்.

"இது எழுபத்தொம்பதுல பேசுனது. அட்டை வந்து சேர ஏழு மாசம் ஆச்சு. எங்கம்மா மாதா படத்துக்குப் பக்கத்துல வச்சிருந்தாங்க." கொரல் தணிஞ்சு, நிதானமா இருந்துச்சு. பதினோரு வருசத்துல இன்னிக்குத்தான் நான் அவர் சாதாரணமாப் பேசிக் கேக்கிறேன். அலறாத கொரல். "எல்லாத்தையும் எரிச்சாச்சுன்னு சொன்னாங்களே சார்."

"பதினாலு மட்டும்..." ஆல்பத்த இன்னும் அவர் பக்கம் நகத்துனேன். "எடுத்துட்டுப் போயிருங்க. பூராம் உங்களோடதுதான். நான் அந்தக் காலத்துல..."

"வேண்டாம் சார்."

"கிளமென்ட், நான் சொல்றதக் கேளுங்க, நான் தெனமும்..."

"வேண்டாம்னேன்ல." மேஜை ஓரத்துல என் பேர் அச்சடிச்ச வெத்து அட்டைக்கட்டு இருந்துச்சு. மேல இருந்து ஒண்ண உருவி என் பக்கம் தள்ளுனார். "பதினோரு வருசமா ஒவ்வொரு பேச்சுக்கும் அட்டை போட்டுக்கிட்டோம். நானும் விட்டதில்ல, நீங்களும் விட்டதில்ல. ஒரே ஒரு தடவைக்குத்தான் நீங்க போடல. எழுதுங்க."

பேனாவ எடுத்தேன். என்னன்னு கேக்கல. கேக்க வேண்டியதில்லையே.

"செப்டம்பர் பதினேழு. தொண்ணூறு."

எழுதுனேன்.

"மணி?" என் வாய்தான் கேட்டுச்சு, வழக்கத்துல.

"எனக்கு எப்படி சார் தெரியும். கண்ணக் கட்டியிருந்துச்சு. வாட்ச நீங்கதானே கழட்டி வச்சிருந்தீங்க."

மூணு இருவது. எனக்குத் தெரியும். துள்ளித் துள்ளி விழுந்த வாட்சுல, மதியம் மூணு இருவது. அதுல இருந்து அஞ்சரைய என் கை அதுபாட்டுக்குக் கழிச்சு, கிரீன்விச் மணி ஒம்பது அம்பதுன்னு எழுதுச்சு. அங்க எவனாவது காலை வேளையில டீ குடிச்சுக்கிட்டு இருந்திருப்பான்.

"தெளிவு போடணும்ல," அப்படின்னார். "நான் கத்துனது உங்களுக்கு எப்படிக் கேட்டுச்சு சார்? ஒண்ணுல இருந்து அஞ்சு வரைக்கும் இருக்கு. மரியாதைக்குப் போட வேண்டாம். நீங்க எப்பவும் போடுற மாதிரி, உள்ளதப் போடுங்க."

பேனா நிப்பு அட்டையில குத்தி நின்னுச்சு. மைக்குக்காரன் திரும்ப ஆரம்பிச்சுட்டான், சாப்பாட்டுப் பந்தி தயாரா இருக்குன்னு. அஞ்சு போட்டேன். கண்ணு மறைச்சுச்சு, தொடைச்சுக்கிட்டுப் பாத்தேன், அஞ்சுதான். கீழ என் முழுப் பேர எழுதுனேன், தவசியில்ல, தவசிலிங்கம், அப்ப நான் பாத்த வேலைய எழுதுனேன், கையெழுத்துப் போட்டேன். எல்லாம் முடிஞ்ச பெறகும் கை நிக்கல. இத்தன வருசப் பழக்கம், ஆயிரம் அட்டை எழுதுன கை, அடியில அதுபாட்டுக்கு எழுதிருச்சு: எழுபத்திமூணு.

நான் எழுதுனத நானே பாத்தேன். அவரும் பாத்தார்.

என் கையில இருந்து பேனாவ வாங்குனார். இடது கையில வாங்கி, வலது கைக்கு மாத்துனார். மடங்காத அந்த மூணு விரலுக்கு நடுவுல பேனாவச் சொருகி, இடது கையால அத அமுக்கிப் புடிச்சுக்கிட்டு, குனிஞ்சு, எழுபத்திமூணு மேல ஒரு கோடு போட்டார். கோடு கோணலா, ஆனா அழுத்தமா, அட்டை கிழியிற மாதிரி விழுந்துச்சு. ஊதிக் காய வச்சு, சட்டைப் பையில போட்டுக்கிட்டார். நாக்காலிய இருந்த எடத்துலயே திரும்பத் தள்ளி வச்சுட்டு, அடுத்த மேஜைக்குப் போயிட்டார்.